டி.எச். ரோட்டைப் பார்த்தபடி ஒரு நாற்காலி

பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, சில மாதங்களுக்கு முன்பு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். வடசென்னையில், எங்கள் தண்டையார்பேட்டையில், டி.எச். ரோடு என்கிற திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் மேலேயே புதிதாகத் திறந்த செயின் காபி ஷாப்பின் கண்ணாடி முகப்பு. பக்கத்தில் அழுகிற பொம்மை இரண்டு. கீழே ‘போச்சுப்பா நம்ம ஏரியா’ என்று ஒரு வரி. அண்ணன் கல்யாணமான கையோடு தெற்கே மேடவாக்கம் போனவர். அங்கே அவருடைய அடுக்குமாடிக்கு எதிரிலேயே இதே மாதிரிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடும் பிள்ளைகளோடும் போய் உட்கார்ந்து படம் எடுத்துப் போடுவார். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மேடவாக்கத்தில் வந்தால் வசதி, தண்டையார்பேட்டையில் வந்தால் சாவு என்கிற கணக்குதான் எனக்குப் பிடிபடவில்லை. ‘ஆமாண்ணா’ என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். ‘இல்லண்ணா’ என்று போடவும் கை வரவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதுதான் இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

அண்ணன் வருத்தப்படுவதில் பாதி எனக்கும் உண்டு. காபி ஷாப் இருக்கும் இடத்தில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு டீக்கடை இருந்தது. நாயர் கடை என்றுதான் சொல்வோம். கடைக்காரர் என்னவோ திருநெல்வேலிப் பக்கம். விடிகாலை நான்கு மணிக்கு பாய்லர் ஏறிவிடும். காசிமேட்டுக்குப் போகிறவர்கள், துறைமுகத்தில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள், பேப்பர் போடும் பையன்கள். தினத்தந்தியைத் தனித்தனித் தாளாகப் பிரித்து நான்கு பேர் படிப்பார்கள்; நடுப்பக்கம் யாரிடம் இருக்கிறது என்பதில் சண்டை வரும். மில் மூடிய கதையும் தேர்தலும் கேரம் மேட்ச்சும் அந்த பெஞ்சில்தான் அலசப்படும். கடன் நோட்டு ஒன்று ஆணியில் தொங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் முடிந்து கரண்டும் இல்லை, பால் பாக்கெட்டும் இல்லை என்றிருந்தபோது, கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு எங்கிருந்தோ பால் பிடித்துக் காய்ச்சிக் கொடுத்தார்கள். எந்தச் செயின் கடையும் அதைச் செய்யாது. செய்ய வேண்டும் என்று அங்கே வேலை பார்க்கும் பையனுக்குத் தோன்றினாலும், செய்யும் அதிகாரம் அவனுக்கு இருக்காது.

அதே சமயம் கடையை மூடவைத்தது காபி ஷாப் என்று சொல்வது சரியில்லை. மூடவைத்தது பாகப்பிரிவினை. கட்டடக்காரர் இறந்தார், பிள்ளைகள் மூன்று பேர், மூவருக்கும் பணமாக வேண்டும். டி.எச். ரோட்டில் மெட்ரோ வேலைக்கு வருடக்கணக்கில் தகரத் தடுப்பு நின்றிருந்தபோது யாரும் சீண்டாத இடம், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் ஓட ஆரம்பித்த பிறகு தங்கமாகிவிட்டது. இடித்துக் கட்டினார்கள். கீழ்த்தளத்துக்குப் புதிய வாடகையைக் கேட்டு நாயர் கடைக்காரர் சிரித்தார் என்று சொல்வார்கள். இந்தக் கதை எல்லாத் தெருவிலும் உண்டு, விரிக்க வேண்டியதில்லை.

தூக்குச்சட்டி

இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே, அந்தக் கடைக்குள் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு அம்மா தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவார். நாலு டீ, சக்கரை கம்மி. நான் ரோட்டோரம் நின்று தூக்கை நீட்டுவேன். உள்ளே பத்துப் பேர் காத்திருந்தாலும், “மாஸ்டர், பாப்பாவுக்கு மொதல்ல ஊத்து” என்று முதலாளி சொல்லிவிடுவார். அந்த மரியாதை எனக்குப் பெருமையாக இருந்தது. அதே வாக்கியத்துக்குள் ‘வாங்கிக்கினு சீக்கிரம் கிளம்பு’ என்பதும் இருந்தது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. வயதுக்கு வந்ததும் அந்த வேலையும் என்னிடமிருந்து தம்பிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு டீ, பிளாஸ்டிக் கவரில் நூல் சுற்றி வீட்டுக்கு வந்தது. 2019-இல் பிளாஸ்டிக் தடை வந்ததும் தம்பி பிளாஸ்க் எடுத்துக்கொண்டு போனான். முப்பது வருடம் அந்தக் கடை டீயைக் குடித்திருக்கிறேன். அந்த பெஞ்சு மரமா, இரும்பா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எப்போது பார்த்தாலும் அதன்மேல் யாராவது உட்கார்ந்திருந்தார்கள்.

பெண்கள் வரக்கூடாது என்று யாரும் போர்டு வைக்கவில்லை. யாரும் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்திருந்தால் பேச்சு நின்றிருக்கும், அவ்வளவுதான். மாலைக்குள் வீட்டுக்குச் சேதி போயிருக்கும். எல்லாப் பெண்களுக்கும் இப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற அக்காமார்கள் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிப்பார்கள். ஒருவன் ஒரு வார்த்தை பேச முடியாது. தெருவில் சம்பாதிக்கிறவர்களுக்குத் தெருவில் உட்காரவும் தெரியும். வீட்டில் இருப்பவர்கள், படிக்கிறவர்கள், ஆபீசுக்குப் போய் வருகிறவர்கள் என்று நடுவில் இருக்கிற எங்களுக்குத்தான் ரோடு என்றால் கடந்து போவதற்கு மட்டும்.

அண்ணனின் ஸ்டேட்டஸில் எனக்கு உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். ‘நம்ம ஏரியா’ என்று அவர் சொன்ன இடத்தில் அவர் கேரம் ஆடியிருக்கிறார், கடன் சொல்லியிருக்கிறார், முதல் சிகரெட்டை ஒளித்துப் பிடித்திருக்கிறார். போனது அவருக்கு. எனக்கு அது என்னுடையதாக இருந்தால்தானே போவதற்கு?

எங்கெல்லாம் உட்கார்ந்தோம்

அப்புறம் ஒரு நாள் இரவு, அம்மா தன் வாழ்க்கையில் வீட்டுக்கு வெளியே எங்கெல்லாம் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி பெஞ்சு. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்காகக் காத்திருக்கும் தரை. பௌர்ணமிக்கு வடிவுடையம்மன் கோயில் பிராகாரம். ரேஷன் கடை வாசல் திட்டு. இவை எல்லாவற்றையும்விட அகஸ்தியா தியேட்டர். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சமையலை முடித்துவிட்டு மேட்னிக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்று மணி நேரம் யாரும் எழுப்பாத நாற்காலி, மேலே மின்விசிறி, இடைவேளையில் ஒரு கோன் ஐஸ். படம் எப்படி என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். 1967-இல் திறந்த அந்தத் தியேட்டர் கொரோனாக் காலத்தில், 2020-இல், மூடப்பட்டது. அதற்கும் அண்ணன் ஸ்டேட்டஸ் வைத்தார். அதில் ரஜினி பட முதல் நாள் பாலாபிஷேகம் இருந்தது, அம்மாவின் மேட்னி இல்லை.

கடற்கரை இருக்கிறதே என்பார்கள் தெற்கே இருப்பவர்கள். கடல் இருக்கிறது, கரைதான் இல்லை. நம் கடலோரத்தில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் சுவரின் தெற்குப் பக்கமே தேங்கியது; மெரினா அப்படித்தான் அவ்வளவு அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் அரித்துக்கொண்டே வந்தது. தெருக்களே போயின. கடைசியில் கருங்கல்லைக் கொட்டிக் கரை கட்டினார்கள். ஊரே போய் உட்காருகிற மணல் ஒரு வகையில் எங்கள் பங்கு மணல். எங்களுக்குக் கிடைத்தது பாறாங்கல், அதற்கு இந்தப் பக்கம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை. அங்கே சாயங்காலம் போய் உட்கார்ந்து காற்று வாங்கு என்று எந்தப் பெண்ணிடமும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அம்மா உள்ளே வந்த நாள்

ஸ்டான்லியில் சுகர் செக்கப் முடித்துவிட்டு அம்மாவும் நானும் ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை ரத்தம் எடுத்ததில் மதியம் இரண்டு தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரி கழிப்பறைக்குள் போக மாட்டேன் என்று அம்மா காலையிலிருந்தே அடக்கிக்கொண்டிருந்தார். அவர் வயதுப் பெண்களுக்கு இது ஒரு கலை. வெளியே போகும் நாளில் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சிக்னலில் ஆட்டோ அசையவில்லை. என் தொடையைக் கிள்ளி, “முடியலடி” என்றார். இறங்கிவிட்டோம். எதிரே அந்தக் கண்ணாடிக் கடை.

நான் அதற்கு முன்பே அங்கே போயிருந்தேன், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு. வீட்டில் வேலை செய்ய முடியாத நாட்களில் எனக்கு அது ஆபீஸ். அதனால் நேராக உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனார். “போட்டுக்கினே வாம்மா” என்றேன். கழிப்பறையிலிருந்து திரும்பி வந்த முகம் வேறு மாதிரி இருந்தது. “சுத்தமா இருக்குடி. கதவுல தாப்பா கூட இருக்கு” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “காசு குடுக்கணுமா?” சும்மா போகக் கூச்சமாக இருந்ததால் ஒரு கப்புச்சினோ சொன்னேன். விலை 180, அதன்மேல் ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி 9, ஆக 189 ரூபாய். விலையை அம்மாவிடம் சொல்லவில்லை. பில்லை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

நுரையின் மேல் வரைந்திருந்த பூவைக் கலைக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். “இன்னாடி, பாலு தூக்கலா, டிகாஷன் எங்க?” என்று கேட்டுவிட்டுக் கப்பைத் தள்ளி வைத்தார். காபி அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. நாங்கள் உட்கார்ந்தது ரோட்டைப் பார்த்த மேசை. அம்மா கண்ணாடி வழியே வெளியே பார்க்க ஆரம்பித்தவர் எழுந்திருக்கவே இல்லை. எதிரே மருந்துக் கடை மாடியில் முன்பு யார் குடியிருந்தார்கள், அந்தப் பெண் யாரோடு ஓடிப் போனாள், பக்கத்து நகைக்கடை முன்பு வெறும் அடகுக் கடையாக இருந்தது, அங்கேதான் என் பள்ளிக்கூட பீஸுக்கு வளையல் போனது என்று சொல்லிக்கொண்டே வந்தார். வளையல் விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. “எப்பம்மா மீட்ட?” என்றேன். “எங்க மீட்டேன்” என்றார், சாதாரணமாக, பஸ்ஸைப் பார்த்தபடி. கொஞ்ச நேரம் கழித்து, “இந்த ரோட்ல நாப்பது வருஷமா நடக்கறேன். உக்காந்து பாத்ததே இல்ல” என்றார்.

புகார் மாதிரி சொல்லவில்லை. ஆச்சரியம் மாதிரிதான் சொன்னார். எனக்குத்தான் உள்ளே என்னவோ செய்தது. அதே இடம், அதே ரோடு, நாயர் கடை பெஞ்சிலிருந்து தெரிந்த அதே காட்சி. அண்ணனும் அவர் நண்பர்களும் முப்பது வருடம் இலவசமாகப் பார்த்ததை அம்மா 189 ரூபாய் கொடுத்து அன்றைக்குத்தான் பார்த்தார். அந்தக் காசு நாற்காலிக்கும் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறைக்கும், ‘யார் கூட வந்த, எதுக்கு வந்த’ என்று யாரும் கேட்காததற்கும் போயிருக்க வேண்டும். அந்தக் காபிக்குப் போயிருக்க வாய்ப்பில்லை.

அன்றைக்குப் பிறகு அங்கே போனால் லேப்டாப்பைவிட மனிதர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை பாதிக்கு மேல் பெண்கள். டிஎன்பிஎஸ்சி கைடை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பெண் வருகிறாள். இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கி, கடைசி வாயை ஆறவிட்டு வைத்திருப்பாள், கப்பை எடுத்துப் போய்விடக் கூடாது என்பதற்காக. ஹவுசிங் போர்டு வீடு. “அஞ்சு பேரு அக்கா, ஒரே ரூம்ல, டிவி ஓடிக்கினே இருக்கும்” என்றாள். மாப்பிள்ளை பார்க்கிற சந்திப்புகள் நடக்கின்றன; பெண்ணின் சித்தி தள்ளி ஒரு மேசையில் மெனுவைத் தலைகீழாகப் பிடித்துக் காவலிருப்பார். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் போனையே பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்களும் உண்டு. முன்பு இவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? எங்கேயும் போகவில்லை என்பதுதான் பதில் என்று படுகிறது.

கண்ணாடிக்கு வெளியே

இதைப் படித்துவிட்டு நான் செயின் கடைக்கு விளம்பரம் எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால், இருங்கள். அந்தக் கண்ணாடி ஒரு பக்கம்தான் தயவு காட்டுகிறது.

உணவு டெலிவரி செய்கிற தம்பிகள் ஆர்டருக்காக வெயிலில் வண்டி மேலேயே காத்திருக்கிறார்கள். உள்ளே ஆறு நாற்காலி காலியாக இருக்கும்போதும். நாயர் கடையில் அவர்களுக்கு பெஞ்சு இருந்தது, 15 ரூபாய்க்கு டீயும் இருந்தது. இது அவர்களுக்கு நிஜமான நஷ்டம், அண்ணன் சொன்ன நஷ்டமும் இதுவே. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு நாயர் கடையும் இல்லை, இதுவும் இல்லை. காலையிலிருந்து இரவு வரை நின்றே புடவை விரிக்கிறவர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமே திருத்தியது. நாற்காலிக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. என் பள்ளித் தோழி ஒருத்தி அங்கே வேலை செய்கிறாள். ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்குடி, சட்டைப் பெட்டி அதுமேலதான் அடுக்கியிருக்கு” என்றாள். டீ நேரத்தில் பின்பக்கப் படிக்கட்டில் உட்காருவார்களாம். காபி ஷாப்புக்கு வா, நான் வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டால், யூனிபார்ம் புடவையோடு வரமாட்டேன் என்கிறாள். யாரும் தடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நாயர் கடையிலும் யாரும் தடுக்கவில்லையே.

காபிக்கடை வாசலில் காவல் இருப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். அப்போது காவல் பலகையில் இருந்தது, அழிக்கச் சொல்லிக் கேட்க முடிந்தது. இப்போது அது விலைப்பட்டியலில் இருக்கிறது. அதை எந்த வார்த்தையைக் காட்டி அழிக்கச் சொல்வது?

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பதின்மூன்று நாள், நள்ளிரவில் அப்புறப்படுத்தும் வரை. எங்கள் தெருவைக் கூட்டுகிற அக்காவும் போயிருந்தார். தினமும் பார்க்கிற அவர் எங்கேயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றபடியேதான் தண்ணீர் குடிப்பார். அவர் உட்கார்ந்ததை டிவி செய்தியில்தான் பார்த்தேன்.

கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். சொற்பக் கட்டணத்தில் படிக்கலாம், லேப்டாப்பை வைத்து வேலை பார்க்கலாம். டிஎன்பிஎஸ்சி பெண்ணிடம் அதைச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தூரம், பஸ் மாற வேண்டும், போக வர ஆகும் நேரத்தில் ஒரு பாடம் முடித்துவிடலாம் என்றாள். அதே மாதிரி ஒன்று டி.எச். ரோட்டில் வந்தால் இந்தக் கடையின் மதிய வியாபாரம் பாதியாகும் என்பது என் கணிப்பு. வந்தால் நான்தான் முதல் ஆளாக நிற்பேன். அது வரும்வரை, எங்களுக்குக் கிடைத்த நாற்காலியைப் பார்த்து ஏரியா போச்சு என்று துக்கம் கொண்டாட என்னால் ஆகாது. அண்ணனுக்கு இதையே சுருக்கமாக அனுப்பினேன். ‘நீ எப்ப பாப்பா இவ்ளோ பேச ஆரம்பிச்ச’ என்று ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.

அம்மா மகளிர் குழுக் கூட்டத்தில் அந்தக் கடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், முக்கியமாகக் கழிப்பறையைப் பற்றி. எட்டுப் பேர் ஒரு நாள் போகலாம் என்று முடிவாகியிருக்கிறது. பணம் குழுச் சேமிப்பிலிருந்து எடுப்பதா, அவரவர் போடுவதா என்பதில் இரண்டு வாரமாகச் சண்டை. எட்டு காபி வாங்கினால் கட்டாது, நாலு வாங்கினால் ஒன் பை டூ போட்டுத் தருவார்களா என்று கேட்டு வரச் சொன்னார். கேட்டேன். கவுன்டரில் இருந்த பையன் கொஞ்சம் விழித்தான். வியாசர்பாடிப் பையன்தான், ஒன் பை டூ தெரியாதவன் இல்லை. “சிஸ்டத்துல அப்டி ஒரு பட்டன் இல்லக்கா” என்றான். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “காலி கப்பு நாலு எக்ஸ்ட்ரா தரேன், நீங்களே ஊத்திக்கோங்க. மேனேஜர் மூணு மணிக்கு மேலதான் வருவாரு, அதுக்குள்ள வந்துடச் சொல்லுங்க” என்றான்.